காடு மீண்ட தீவு: திரித்திரி மாத்தாங்கியின் வரலாறு

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், கரிகாலன் ஆட்சியின் சிறப்புகளை அடுக்கிச் சொல்லுமிடத்தில், அவன் காடுகளை அழித்து மக்கள் வாழும் ஊர்களை உண்டாக்கியதையும் ஒரு சிறப்பாக வைத்துப் பாராட்டுகிறார். அக்காலத்திற்கு அது பொருந்திய பாராட்டே. காடு பரந்து கிடந்தது. மக்கள் சிலராய் இருந்தனர். உழுநிலமே சோறு தந்தது. முல்லையை மருதமாக்கியவன் அறம் செய்தவனாகக் கருதப்பட்டான். தமிழகத்தில் மட்டுமன்று, உலகின் பல நாடுகளிலும் நாகரிகத்தின் வரலாறு பெரும்பாலும் கோடரியின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த வரலாறுகள் மிகச் சில. விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் மீண்டும் காடாக்குவது என்பது அண்மைக் காலம்வரை எவரும் எண்ணிப் பாராத செயல். அத்தகைய செயலொன்று நியூசிலாந்து நாட்டில், ஆக்லாந்து நகருக்கு வடக்கே உள்ள ஒரு சிறு தீவில் நடந்தேறியது. நூற்றிருபது ஆண்டுகள் ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாகிப்போன அந்நிலத்தில், பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற முதியோரும் வார இறுதியில் படகேறிச் சென்று மரம் நட்டனர். அவர்கள் நட்டு முடிக்கப் பத்தாண்டுகள் ஆயின. நம் இலக்கிய வட்டம் தன் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், இன்னொரு பத்தாண்டுக் கூட்டுழைப்பின் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமாகும் என்று கருதியே இப்பொருளைத் தேர்ந்தேன்.

தீவும் அதன் மக்களும்

திரித்திரி மாத்தாங்கி என்பது தீவின் பெயர். மாவோரி மொழியில் அதற்குக் 'காற்றில் அலைவுறுவது' என்று பொருள் கூறுவர். ஹௌராக்கி வளைகுடாவில், வாங்கபராவோவா தீபகற்பத்தின் முனையிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அது கிடக்கிறது. பரப்பு 220 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 540 ஏக்கர். நம் ஊர்ப்பக்கத்துப் பெரிய ஏரி ஒன்றின் நீர்ப்பரப்பளவே இருக்கும் அத்தீவு, உலகின் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் தன் அளவுக்கு மீறிய இடத்தைப் பெற்றுள்ளது.

நியூசிலாந்தின் இயற்கையைப் பற்றிச் சிறிது அறிந்தால்தான் இவ்வரலாறு விளங்கும். வௌவால்களைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டி எதுவும் மனிதர் வருமுன் அந்நாட்டில் வாழவில்லை. பூனை, நரி, கீரி, எலி ஆகியவற்றின் அச்சம் அறியாத பறவைகள், பறக்கும் தேவையையே மறந்து தரையில் நடந்தன. தரையிலேயே கூடு கட்டின. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் மாவோரியரின் முன்னோர் கடல் கடந்து வந்தனர். அவர்களோடு கியோரே எனப்படும் சிற்றெலியும் வந்தது. பின்னர் வந்த ஐரோப்பியரோடு கப்பலெலியும் பூனையும் ஸ்டோட் என்னும் கீரி போன்ற வேட்டை விலங்கும் வந்தன. மனிதர் வருமுன் நாட்டின் பெரும்பகுதியைப் போர்த்தியிருந்த காடு இன்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பறவையினங்கள் பல அடியோடு அழிந்தன.

திரித்திரி மாத்தாங்கித் தீவில் முதலில் வாழ்ந்தோர் மாவோரியர். தே கவேராவ் ஆ மாக்கி என்னும் குலத்தாரும் ங்காத்தி பாவோவா என்னும் குலத்தாரும் இத்தீவோடு உறவுடையவர்கள். அரண் சூழ்ந்த குடியிருப்புகளை அவர்கள் இங்கு அமைத்திருந்தனர், மீன் பிடித்தனர், காட்டின் ஒரு பகுதியை எரித்துப் பயிரிட்டனர். 1820களில் வடக்கேயிருந்து துப்பாக்கியோடு வந்த படையெடுப்புகளுக்கு அஞ்சித் தீவை விட்டு அகன்றனர். 1841இல் எதிர்க்கரையிலுள்ள மாஹுரங்கிப் பகுதியை வாங்கிய பிரித்தானிய அரசு, இத்தீவும் அவ்விற்பனையில் அடங்கியது என்று கொண்டது. மாவோரியர் அதை ஏற்கவில்லை. வழக்கு நிலநீதிமன்றத்துக்குச் சென்றது. 1867இல் தீவின் உரிமை அரசுக்கே வழங்கப்பட்டது. காடு மீண்ட கதையைச் சொல்வோர் பலர் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர். ஆனால் நிலத்தின் வரலாற்றில் மரம் வெட்டுண்டது ஓர் இழப்பு என்றால், நிலத்துக்குரியவர் நிலமிழந்தது மற்றோர் இழப்பு. இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பண்ணைக் காலம்

1850களிலிருந்தே தீவு மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1864இல் அதன் தென்கிழக்கு முனையில் கலங்கரை விளக்கம் எழுந்தது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புத் துண்டுகளைக் கப்பலில் கொணர்ந்து பொருத்திய அக்கோபுரத்தில், 1865 ஜனவரி முதல் நாளன்று விளக்கு ஏற்றப்பட்டது. விளக்குக் காவலரும் பண்ணைக்காரருமே அதன்பின் தீவின் குடிகள்.

புல்லுக்கு இடம் வேண்டிக் காடு எரிக்கப்பட்டது. ஆடுகளும் மாடுகளும் மிஞ்சிய கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. மேய்ச்சல் நிலத்தின் இயல்பே அதுதான்: பெரிய மரம் நின்றாலும் அதன் விதையிலிருந்து முளைக்கும் கன்று ஒரு கையளவு உயருமுன் ஆட்டின் வாய்க்குள் போய்விடும். எனவே முதிர்ந்த மரம் வீழும் நாளோடு அதன் குலமும் முடிந்துவிடும். ஏறத்தாழ 120 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. முடிவில் தீவின் இயற்கைக் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு அழிந்திருந்தது. ஓடைகள் ஓடிய சில பள்ளங்களிலும் கடலோரச் சரிவுகளிலும் மட்டும் பழங்காட்டின் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தத் துண்டுகளே பின்னாளில் பெருஞ்செல்வமாயின. கொரிமாக்கோ என்னும் மணிக்குரல் பறவை ஆக்லாந்துப் பகுதியின் நிலப்பரப்பிலிருந்து 1860களில் மறைந்துபோயிற்று. ஆயினும் இத்தீவின் பள்ளத்துக் காட்டில் அது உயிர்தப்பி வாழ்ந்தது. கொடிய வேட்டை விலங்குகள் இத்தீவில் நிலைகொள்ளாமையே அதற்குக் காரணம். கியோரே ஒன்றே இங்கு வாழ்ந்த எலி. நகரின் காதுக்கெட்டும் தொலைவில், நகரம் மறந்துவிட்ட குரல் ஒன்று நூறாண்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தது.

தானாகத் திரும்பாத காடு

1967இல் ஹௌராக்கி வளைகுடாக் கடற்பூங்கா அமைக்கப்பட்டது. 1971இல் குத்தகை முடிந்தது; ஆடுமாடுகள் தீவை விட்டு வெளியேற்றப்பட்டன. மேய்ச்சல் நின்றால் காடு தானாக வளர்ந்துவிடும் என்பது அப்போதிருந்த எதிர்பார்ப்பு. மனிதன் கையை எடுத்துக்கொண்டால் போதும், இயற்கை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்று நாமும் பலமுறை சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிய கருத்து அது.

இங்கே அது பொய்த்தது. ஆடு மேயாத புல் இடுப்பளவு உயர்ந்து மெத்தைபோல் அடர்ந்தது. காற்றிலும் பறவையின் எச்சத்திலும் வந்து விழுந்த விதை மண்ணைத் தொடவே இயலவில்லை. புல் இல்லாத இடங்களைப் பன்றிப்புதர் என்று சொல்லத்தக்க முரட்டுப் பெரணி வகை ஒன்று மூடிக்கொண்டது. தப்பி முளைத்த விதைகளையும் இளங்கன்றுகளையும் கியோரே தின்றது. விதை தரும் தாய்மரங்களோ பள்ளங்களில் ஒடுங்கியிருந்தன. பத்தாண்டுக்கு அருகில் காத்திருந்தும் மலைமுகடுகளில் காடு ஏறவில்லை. காடு மீளவே மீளாது என்பதன்று. நூறாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதே கண்ட உண்மை. அதற்குள் அழியும் நிலையிலிருந்த பறவைகள் அழிந்துவிடும்.

இவ்வரலாற்றின் நடுவான செய்தி இதுவே என்று கருதுகிறேன். ஒரு நிலத்தைக் கெடுப்பதற்கு மனித உழைப்பு தேவைப்பட்டது போலவே, அதை மீட்பதற்கும் மனித உழைப்பு தேவைப்பட்டது. கெடுத்தபின் விலகி நிற்பதால் மட்டும் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

கதவு திறந்த காப்பிடம்

1970களில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிச்செல் ஆகிய இருவரும் இத்தீவை ஆராய்ந்தனர். அவர்கள் முன்வைத்த திட்டம் அக்காலத்துக்குப் புதியது. நியூசிலாந்தில் அதற்கு முன் அமைந்த தீவுக் காப்பிடங்கள் பெரும்பாலும் மூடிய காப்பிடங்கள். இதே வளைகுடாவிலுள்ள ஹௌத்துரு என்னும் தீவு 1890களிலேயே பறவைகளுக்கென ஒதுக்கப்பட்டது; அனுமதிச் சீட்டின்றி எவரும் அங்குக் கால் வைக்கலாகாது. அரிய உயிர்களைக் காக்க மனிதரை விலக்குவதே வழி என்பது அன்றைய கொள்கை. அது தவறான கொள்கையுமன்று. ஹௌத்துரு இல்லையேல் சில பறவையினங்களை இன்று நாம் பெயரளவில் மட்டுமே அறிந்திருப்போம்.

கிரெய்க்கும் மிச்செல்லும் கேட்டது வேறொன்று. எல்லாத் தீவுகளையும் பூட்டிவைத்தால், தம் நாட்டுப் பறவைகளைக் கண்ணால் காணாத மக்கள் அவற்றின்பால் அன்பு கொள்வது எங்ஙனம்? நகருக்கு அருகில், பெரிதும் கெட்டுப்போன, கெடுவதற்கு இனி அதிகமில்லாத ஒரு தீவு இருக்கிறது. அதை எல்லார்க்கும் திறந்துவிடலாம். வருவோரைப் பார்வையாளராக மட்டும் வைக்காமல் உழைப்பாளராகவும் ஆக்கலாம். அரிய பறவைகளை அங்குக் கொணர்ந்து விடலாம். இதையே 'திறந்த காப்பிடம்' என்றனர். மக்கள் காலடி பட்டால் பறவைகள் நிலைக்குமா, தீயும் நோயும் களைவிதையும் வாராவா என்னும் ஐயங்கள் எழுந்தன. அவை நியாயமான ஐயங்களே. ஆயினும் 1982இல் மேலாண்மைத் திட்டம் வகுக்கப்பட்டது. தீவில் நூற்றுக்கு அறுபது பங்கைக் காடாக்குவது, நாற்பது பங்கைப் புல்வெளியாகவே விடுவது என்று முடிவாயிற்று.

நாற்பது பங்கை விட்டது ஏன் என்று கேட்கலாம். புல்லை உண்டு வாழும் பறவைகளுக்கு அது தேவை. மாவோரியர் குடியிருந்த பழைய அரண்களும் குழிகளும் புல்லின் கீழ்க் கிடக்கின்றன. மரவேர் இறங்கினால் அத்தடயங்கள் சிதையும். எனவே அவ்விடங்களில் மரம் நடாமல் தவிர்த்தனர். காடு வளர்க்கும் ஆர்வத்தில் மனித வரலாற்றை மூடிவிடலாகாது என்ற இந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

பத்தாண்டு நடவு

1983இல் தீவிலேயே நாற்றங்கால் அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் ரே வால்ட்டர் என்பவர். அத்தீவின் கடைசிக் கலங்கரை விளக்குக் காவலர். விளக்கு தானியங்கியாக மாற்றப்பட்டபின் காவலருக்கு வேலை இல்லாமற் போயிற்று. கடலில் செல்லும் கப்பலுக்கு வழிகாட்டியவர், கரையில் கன்று வளர்ப்பவரானார். பின்னாளில் அவர் துணைவியார் பார்பராவும் அவரோடு சேர்ந்து பல்லாண்டுகள் தீவின் பணிக்கே வாழ்வைக் கொடுத்தார்.

விதைகளை முடிந்தவரை அத்தீவின் பழங்காட்டுத் துண்டுகளிலிருந்தே திரட்டினர். கிடைக்காதவற்றை அண்டை நிலப்பகுதிகளிலிருந்து பெற்றனர். ஒரே பெயருடைய மரமாயினும் தொலைநிலத்து விதை அம்மண்ணுக்கும் அக்கடற்காற்றுக்கும் பழகியதாக இராது என்பது காரணம். நம் உழவர் தம் வயலில் விளைந்த மணியையே விதைநெல்லாக எடுத்துவைத்த அறிவுக்கு இது அண்ணன் தம்பி உறவு.

1984இல் நடவு தொடங்கியது. பள்ளிக் குழந்தைகள், சாரணர், மலையேற்றக் கழகத்தார், இயற்கை ஆர்வலர், ஒன்றும் அறியாத நகரவாசிகள் எனப் பலரும் குளிர்கால மழையில் படகேறி வந்தனர். கரையிலிருந்து கன்றுகளைச் சுமந்து மேடேறி, புல்மெத்தையைக் கிழித்து, குழி தோண்டி நட்டனர். உலக வனவிலங்கு நிதியமும் பொருளுதவி செய்தது. 1994இல் பெருநடவு முடிந்தபோது, 2,50,000க்கும் 3,00,000க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் கன்றுகள் மண்ணில் இறங்கியிருந்தன. கூலி பெற்று நட்டவர் மிகச் சிலர். ஆயிரக்கணக்கானோர் தம் கைப்பணத்தில் படகுக் கட்டணம் செலுத்தி வந்து உழைத்தவர்கள்.

இங்கே ஒரு தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்த வெளியின் வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கவல்லது போஹுத்துக்காவா என்னும் கடலோர மரம். டிசம்பரில் செந்நிறப் பூவால் தன்னை மூடிக்கொள்வது. அது முதலில் வளர்ந்து நிழல் தரும், அந்நிழலில் மற்ற மரங்கள் முளைக்கும் என்று எண்ணி அதைப் பெருமளவில் நட்டனர். எதிர்பார்த்ததைவிட மிகுதியாக அது பிழைத்துக்கொண்டது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, சில இடங்களில் கீழே வெளிச்சமே விழாமல் தரை வெறுமையாயிற்று. நட்டவர்களே பின்னாளில் சில பகுதிகளில் மரங்களைக் கலைத்துவிட வேண்டியதாயிற்று. காடு என்பது மரங்களின் தொகை அன்று என்னும் பாடத்தை அவர்கள் அவ்வாறு கற்றனர். தோட்டம் போடுவதுபோல் காட்டைப் போட்டுவிட இயலாது. தொடக்கத்தைத்தான் நாம் தர முடியும்.

எலியும் நஞ்சும்

நடவு முடியும் தறுவாயில் இன்னொரு கடினமான முடிவை எடுக்க வேண்டியிருந்தது. கியோரே விதைகளையும் பூச்சிகளையும் பல்லியினங்களையும் தின்றுகொண்டிருந்தது. 1993இல் ஹெலிகாப்டரில் பறந்து தீவு முழுவதும் நஞ்சு கலந்த இரையைத் தூவினர். எலியினம் தீவிலிருந்து அடியோடு ஒழிந்தது. அதன்பின் தரையில் கன்றுகள் பெருகின. வேட்டா எனப்படும் பெருவெட்டுக்கிளி வகைகள் பெருகின.

ஆனால் அந்த இரையை எலி மட்டும் தின்னவில்லை. புக்கேக்கோ என்னும் நீலக்கோழிகளும் தின்று பெருமளவில் மடிந்தன. அவை பின்னர் மீண்டும் பெருகிக்கொண்டன என்பது உண்மையே. என்றாலும் ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி எளிதில் விடை பெறுவதன்று. கியோரே மாவோரி முன்னோரின் படகில் வந்த உயிர். அதைத் தம் மரபுச் செல்வமாகக் கருதும் குலத்தாரும் உண்டு. கொல்லாமை பற்றி மிகுதியாகப் பாடிய மொழிக்குரியவர்களாகிய நமக்கு இது உறுத்தவே செய்யும். இரு பக்கத்தையும் எடைபோட்டுத்தான் அங்குள்ளோர் முடிவு செய்தனர். எடைபோட்டோம் என்பதற்காகத் தட்டின் மறுபக்கத்தில் இருந்ததை மறந்துவிடலாகாது.

பறவைகளின் மீள்வரவு

1974இல் சில கிளிகளை விட்டதே முதல் முயற்சி. 1984இல் கூவியர் தீவிலிருந்து தியேக்கே என்னும் முதுகுப்பட்டைப் பறவைகள் இருபத்து நான்கு கொண்டுவரப்பட்டன. வடதீவின் தியேக்கே ஒருகாலத்தில் ஒரே ஒரு தீவில் மட்டும் எஞ்சியிருந்த இனம். இப்பறவை இரவில் மரப்பொந்தில் அடையும். நட்ட கன்றுகளில் பொந்து ஏது? பொந்து உண்டாக மரம் மூப்படைய வேண்டும். அதற்குப் பல தலைமுறை காத்திருக்க வேண்டும். எனவே மரப்பெட்டிகளைச் செய்து தொங்கவிட்டனர். காலம் செய்யவேண்டிய வேலையைத் தச்சுக்கை செய்தது.

1991இல் தகாஹே வந்தது. நீலமும் பச்சையும் கலந்த உடலும் செந்நிற அலகும் உடைய, பறக்கவியலாத பெரிய பறவை இது. அழிந்துவிட்டது என்று அறிவியலார் முடிவுகட்டிய பின்னர், 1948இல் ஜெஃப்ரி ஆர்பெல் என்னும் மருத்துவர் தென்தீவின் மலைகளுக்குள் இதை உயிரோடு கண்டபோது உலகமே வியந்தது. அத்தகைய பறவை, இன்று இத்தீவில் கலங்கரை விளக்கத்தின் அடியிலுள்ள புல்தரையில் குழந்தைகளின் காலருகே மேய்கிறது. ஆட்டுக்காக உண்டாக்கிய புல்வெளி தகாஹேக்குப் பயன்பட்டது என்பதும் ஒரு வியப்பே.

1993இல் சிறு புள்ளிக் கிவி, 1995இல் ஹிஹி, 1997இல் கொகாக்கோ, 2003இல் துவாத்தாரா என ஒவ்வொன்றாக வந்தன. துவாத்தாரா பல்லிபோல் தோன்றினும் பல்லியன்று. டைனோசர் காலத்திலிருந்த ஒரு தனிக் குலத்தின் கடைசி வாரிசு. ஹிஹி ஹௌத்துரு தீவில் மட்டும் எஞ்சியிருந்த சிறு தேனுண்ணிப் பறவை. இளங்காட்டில் ஆண்டு முழுதும் அதற்குத் தேன் கிடைக்கவில்லை. ஆகவே சர்க்கரைநீர் வைத்து ஊட்டினர். கூடுகட்டப் பெட்டி வைத்தனர். மனித உதவியின்றி இன்றும் அதனால் அங்குப் பெருகி வாழ இயலவில்லை. ஆனால் இத்தீவில் பெருகிய ஹிஹிகளே பிற இடங்களுக்கு வித்தாயின. 2005இல் தலைநகர் வெலிங்டனிலுள்ள வேலியிட்ட காப்பிடத்துக்கு இங்கிருந்து ஹிஹி சென்றது. பெற்றுக்கொண்ட தீவு கொடுக்கும் தீவாயிற்று.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. 2004இல் கொண்டுவந்த சிறு குருவியினம் ஒன்று தீவில் தங்கவில்லை. தோல்விகளையும் முறையாகப் பதிந்துவைத்தமையால் அடுத்தவர்க்கு அவை பாடமாயின.

காக்கும் கைகள்

1987இல் நியூசிலாந்து அரசு இயற்கைப் பாதுகாப்புத் துறையை உருவாக்கியது. தீவு அத்துறையின் பொறுப்பில் வந்தது. அரசிடம் ஆளும் பணமும் குறைவு. மக்களிடம் ஆர்வம் மிகுதி. 1988இல் தன்னார்வலர்கள் திரித்திரி மாத்தாங்கி ஆதரவாளர் சங்கத்தை அமைத்தனர். அன்றுதொட்டு அரசுத் துறையும் சங்கமும் இணைந்தே தீவை நடத்துகின்றன. வருவோருக்கு வழிகாட்டுவோர் தன்னார்வலர். அவர்கள் ஈட்டும் வழிகாட்டுக் கட்டணமும் சிறு கடையின் வருவாயும் தீவின் பணிக்கே திரும்புகின்றன. பாதை செப்பனிடுதல், பெட்டி துடைத்தல், சர்க்கரைநீர்க் குவளை கழுவுதல் எனப் புகழில்லாத வேலைகளை நாள்தோறும் யாரோ ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

நடுவது ஒரு பத்தாண்டு வேலை, காப்பதற்கோ முடிவில்லை. ஒரு கருவுற்ற எலி படகில் ஒளிந்து வந்து இறங்கினால் நாற்பதாண்டு உழைப்பும் ஆட்டம் காணும். ஆகவே படகேறுமுன் பைகளைச் சோதிக்கின்றனர். காலணியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் துடைக்கச் சொல்கின்றனர். 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினா எறும்பு தீவில் கண்டறியப்பட்டது. கண்ணுக்கெட்டாத அச்சிற்றுயிரைத் தேடி ஒழிக்கப் பல ஆண்டுகள் தரையில் தவழ வேண்டியிருந்தது. கதவைத் திறந்துவைத்தால் வாயிற்காவலும் வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் ஐயுற்றோர் சரியாகவே சொல்லியிருந்தனர்.

திரித்திரி மாத்தாங்கியின் வழியைப் பின்பற்றி அதே வளைகுடாவில் மோட்டுவோரா, மோட்டுயிஹே முதலிய பண்ணைத் தீவுகளிலும் மக்கள் சங்கங்கள் மரம் நடத் தொடங்கின. 2016இல் நியூசிலாந்து அரசு, அயல் வேட்டை விலங்குகளை 2050க்குள் நாடு முழுவதிலுமிருந்து அகற்றுவது என்னும் பெருங்குறிக்கோளை அறிவித்தது. அது நிறைவேறுமா என்பதைக் காலம் சொல்லும். அத்தகைய கனவைப் பொதுமக்கள் நகைக்காமல் கேட்டதற்கு, இத்தீவில் கன்று நட்ட அனுபவம் ஒரு காரணம் எனலாம்.

யாருடைய காடு?

நம் நாட்டிலும் காட்டைக் காத்த மரபு உண்டு. ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சிய ஊர்கள் இருந்தன. சில இன்றும் உள்ளன. அந்த அச்சம் காட்டைக் காத்தது. திரித்திரி மாத்தாங்கியில் காட்டைக் காப்பது அச்சமன்று, உழைத்தவனின் உரிமையுணர்வு. பத்து வயதில் ஒரு கன்றை நட்ட சிறுமி இன்று நடுவயதினள். தன் பிள்ளையை அம்மரத்தடிக்கு அழைத்துச் சென்று காட்ட அவளால் இயலும். எந்தச் சட்டமும் எந்த வேலியும் தரமுடியாத காவல் அது.

ஆனால் அந்தப் பிள்ளையிடம் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். இது பழைய காடன்று. பழைய காடு திரும்பவில்லை, திரும்பவும் செய்யாது. அக்காட்டோடு உறவாடிய மாவோரியர்க்கு 1867இல் நேர்ந்ததை மரம் நட்டுச் சரிசெய்துவிட முடியாது. 2015இல் தே கவேராவ் ஆ மாக்கி குலத்தாரின் நெடுநாள் கோரிக்கைகளுக்குத் தீர்வு காணும் சட்டம் நிறைவேறி, அரசு தன் தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. நிலத்தின் காயத்தைவிட மனிதர் காயம் மெல்லவே ஆறுகிறது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தபின்னும் ஒன்று எஞ்சுகிறது. 1971இல் ஆடுகள் இறங்கிச் சென்றபோது விடியற்காலையில் சில பள்ளங்களில் மட்டும் பறவைக்குரல் கேட்டது. இன்று விடியலில் தீவு முழுதும் பறவைகள் பாடுகின்றன. அப்பாட்டைக் கேட்கவென்றே மக்கள் இரவு தங்கிக் காத்திருக்கின்றனர். காட்டை நாடாக்கிய மன்னரைப் புலவர் பாடினர்; மேய்ச்சல் நிலத்தைக் காடாக்கிய இம்மக்களில் பெரும்பாலோருடைய பெயரைப் பாடுவார் இல்லை. பெயர் தெரியாத பலர் சேர்ந்து ஒரு பத்தாண்டில் என்ன செய்ய இயலும் என்பதற்கு அவர்கள் நட்ட மரங்களே சான்று. தமிழ் நட்டுவளர்க்கும் நம் வட்டமும் தன் இரண்டாம் பத்தாண்டுக்குள் அடியெடுத்து வைக்கிறது. நட்டு முடித்த பிறகுதான் காக்கும் வேலை தொடங்குகிறது என்பதை அத்தீவினரிடம் நாம் கற்றுக்கொள்வோமாக.